காணாமை இன்மையாகுமா?

ஒரு பொருளைப் பற்றிச் சொல்லக்கூடிய அனைத்தும் மற்றொரு பொருளுக்கும் அப்படியே பொருந்துமானால், அங்கே இருப்பவை இரண்டு பொருள்களா, ஒன்றேதானா என்ற கேள்வி மெய்யியலில் மிகப் பழையது. ஐரோப்பியச் சிந்தனையில் அதற்குக் கூர்மையான விடை ஒன்றை அளித்தவர் கணிதரும் மெய்யியலருமான லைப்னிட்ஸ் (1646–1716). 1686-இல் எழுதிய மெய்ப்பொருளியல் உரையிலும், 1715–16-இல் ஆங்கிலேய இறையியலர் சாமுவேல் கிளார்க்குடன் நடத்திய கடித விவாதத்திலும், எல்லா வகையிலும் ஒத்து எண்ணிக்கையால் மட்டும் வேறுபடும் இரு பொருள்கள் இருக்க இயலாது என்று அவர் வாதிட்டார். கடித விவாதத்தில் அவர் இதற்குக் காட்டிய காரணம் இறையியல் சார்ந்தது. இறைவன் போதிய காரணம் இல்லாமல் எதையும் செய்வதில்லை. முற்றிலும் ஒத்த இரண்டை அவன் படைத்திருந்தால், ஒன்றை இங்கும் மற்றதை அங்கும் வைத்ததற்கு, மாற்றி வைக்காததற்கு, எந்தக் காரணமும் இருந்திருக்காது. ஆகவே அத்தகைய இரட்டைகள் படைக்கப்படவில்லை. கிளார்க் இதை ஏற்கவில்லை. இறைவனின் விருப்பமே போதிய காரணம்தான் என்பது அவருடைய மறுமொழி.

இந்தியத் தரிசனங்களுள் வைசேடிகம் இதற்கு நேர்எதிரான திசையில் சென்றது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு அணுக்களுக்கோ, விடுதலை பெற்ற இரண்டு ஆன்மாக்களுக்கோ குணத்தால் வேறுபாடு எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, ஆயினும் அவை இரண்டே என்று நிறுவுவதற்காக, ஒவ்வொன்றிலும் ‘விசேடம்’ என்ற ஒன்று உறைகிறது என அது கொண்டது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையில் வைசேடிகவாதி அடுக்கும் பொருள்வகைகளுள் இந்த விசேடமும் ஒன்று என்பதால், தமிழ் வாசகருக்கு இந்தக் கருத்து புதியதன்று. ஒத்திருப்பது ஒன்றே என்பவர் ஒருபுறம், ஒத்திருந்தும் வேறாக இருக்கலாம் என்பவர் மறுபுறம். இரு சாராருமே ‘எல்லா வகையிலும்’ என்ற தொடரை அளந்து பார்க்காமல் கையாண்டார்கள் என்பதுதான் இங்குள்ள சிக்கல். எந்தெந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தபின் ஒத்திருக்கின்றன என்று முடிவு செய்யலாம், அக்கேள்விகளைக் கேட்பது யார், கேட்பவர் அந்த உலகுக்கு உள்ளே இருப்பவரா வெளியே இருப்பவரா என்பவை தெளிவாகாதவரை வாதம் நகர இடமில்லை. இவை அனைத்தும் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கப்பட்டிருக்கும் சிறிய உலகங்களை நவீன இயற்கணிதம் வைத்திருக்கிறது. மெய்யியலர்கள் அங்கே அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவர்களுக்கே இழப்பு.

அந்த உலகங்களுக்கு ‘முடிவுறு பரிமாண இயற்கணிதங்கள்’ என்று பெயர். ஓர் இயற்கணிதம் என்பது, தமக்குள் கூட்டவும் பெருக்கவும், எண்களால் மடங்காக்கவும் இயலும் உறுப்புகளின் தொகுதி. எண்ணி முடிக்கக்கூடிய சில அடிப்படை உறுப்புகளின் மடங்குகளைக் கூட்டியே அதன் எல்லா உறுப்புகளையும் பெற்றுவிடலாம் என்றால் அதன் பரிமாணம் முடிவுறுவது. அதன்மேல் அமையும் ‘இருநேரியல் வடிவம்’ என்பது, உறுப்புகளை இரண்டிரண்டாக எடுத்து ஒவ்வோர் இணைக்கும் ஓர் எண்ணை விடையாகத் தரும் விதி; ஒரு பக்கத்து உறுப்பை மாற்றாமல் வைத்துக்கொண்டால், மறுபக்கத்தில் உறுப்புகளைக் கூட்டும்போது விடைகளும் கூட வேண்டும், உறுப்பை மடங்காக்கும்போது விடையும் அதே மடங்காக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பெருக்கலோடு இந்த விதி முரண்படாமல் இருக்க வேண்டுமானால் இன்னொன்றும் தேவை: மூன்று உறுப்புகளுள் முதல் இரண்டின் பெருக்கத்தை மூன்றாவதோடு இணைத்தாலும், முதலாவதை மற்ற இரண்டின் பெருக்கத்தோடு இணைத்தாலும் ஒரே எண் வர வேண்டும். பெருக்கலுக்கு ஒன்று என்னும் சமனி உறுப்பு உள்ள இயற்கணிதத்தில், இந்த நிபந்தனைக்கு உட்பட்ட வடிவங்கள் எல்லாமே ஒரே முறையில் பிறக்கின்றன. உறுப்புகளுக்கு எண் தரும் ஒரு நேரியல் அளவையைத் தேர்ந்துகொண்டு, இரு உறுப்புகளைப் பெருக்கி, பெருக்கத்தை அந்த அளவையால் அளந்தால் போதும். ஆகவே கேள்விகளின் தொகுதி முழுவதும் ஒற்றை அளவையின் தேர்வில் அடங்கிவிடுகிறது.

இப்போது ஓர் உறுப்பு, தான் பூச்சியமாக இல்லாதபோதும், எந்த உறுப்போடு இணைத்தாலும் பூச்சியத்தையே விடையாகத் தரலாம். அத்தகைய உறுப்புகள் சேர்ந்த பகுதியை அந்த வடிவத்தின் மறைவுப் பகுதி எனலாம். இரண்டு உறுப்புகள் எல்லாவற்றோடும் ஒரே விடைகளைத் தருகின்றன என்றால் அவற்றின் வித்தியாசம் இந்த மறைவுப் பகுதியில் இருக்கிறது என்பதே பொருள். மறைவுப் பகுதியில் பூச்சியத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத வடிவம் ‘சிதைவற்றது’ எனப்படும். எனவே ஒரு வடிவம் சிதைவற்றது என்று சொல்வதும், அந்த வடிவம் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தவரை லைப்னிட்ஸின் கோட்பாடு செல்லும் என்று சொல்வதும் ஒன்றே. கோட்பாடாக ஏற்பதோ மறுப்பதோ இங்கே தேவையில்லை. கணக்கிட்டுப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

சதுர அணிகளின் இயற்கணிதத்தில் அது முழுமையாகச் செல்கிறது. ஓர் அணியின் மூலைவிட்டத்து எண்களின் கூட்டுத்தொகைக்குச் சுவடு என்று பெயர். இரண்டு அணிகளைப் பெருக்கிச் சுவடு எடுப்பது இங்கே வடிவம். ஓர் அணியின் இரண்டாம் நிரையிலும் மூன்றாம் நிரலிலும் என்ன எண் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், மூன்றாம் நிரையிலும் இரண்டாம் நிரலிலும் மட்டும் 1 வைத்து, மற்ற இடங்களில் பூச்சியம் நிரப்பிய அணியோடு அதைப் பெருக்கிச் சுவடு எடுத்தால் அந்த எண் அப்படியே வந்து நிற்கும். இப்படி ஒவ்வோர் இடத்தையும் கேட்டு வாங்கிவிடலாம் என்பதால், மற்ற அணிகளோடு ஓர் அணி கொள்ளும் உறவுகளைத் தெரிந்துகொண்ட பின் அதைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. பொருள் என்பது உறவுகளின் தொகுப்பே என்று கூறும் மெய்யியலருக்கு இதைவிட இணக்கமான உலகம் வாய்ப்பது அரிது.

ஆனால் வேறு உலகங்களும் இருக்கின்றன. ‘த’ என்ற ஒரே ஒரு புதிய உறுப்பைச் சேர்த்துக்கொண்டு, த-வைத் த-வால் பெருக்கினால் பூச்சியம் என்று மட்டும் விதித்தால், ஓர் எண்ணும் த-வின் ஒரு மடங்கும் சேர்ந்த உறுப்புகளால் ஆன இருபரிமாண இயற்கணிதம் கிடைக்கிறது. எந்த இயற்கணிதத்திலும், ஓர் உறுப்பால் பெருக்குவது என்ற செயலையே ஓர் அணியாக எழுதி அதன் சுவடை அந்த உறுப்பின் சுவடாகக் கொள்ளலாம். இங்கே 1-இன் சுவடு 2, த-வின் சுவடு 0. த-வை 1-ஆல் பெருக்கினாலும் சுவடு பூச்சியம், த-வால் பெருக்கினாலும் பூச்சியம். ஆக, சுவடு கேட்கும் எந்தக் கேள்விக்கும் த பூச்சியத்தைத் தவிர வேறு விடை தருவதில்லை. அதற்கு 5-ம் 5 + த-வும் ஒன்றேதான். விகிதமுறு எண்கள், மெய்யெண்கள், கலப்பெண்கள் ஆகியவற்றை எண்புலமாகக் கொண்ட எந்த முடிவுறு பரிமாணச் சேர்ப்பு (பெருக்கும்போது அடைப்பை எங்கே இட்டாலும் விடை மாறாத) இயற்கணிதத்திலும் இது தற்செயலன்று. எந்த உறுப்போடு பெருக்கினாலும், அப்பெருக்கத்தை மீண்டும் மீண்டும் தன்னோடு பெருக்கும்போது ஒரு கட்டத்தில் பூச்சியமாகிவிடும் இயல்புடைய உறுப்புகள் எவையோ, அவையே சுவடு வடிவத்தின் மறைவுப் பகுதி. தனித்து நிற்கும்போது அழிந்துபோவது மட்டும் மறைவதற்குப் போதாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். முதல் நிரையின் இரண்டாம் நிரலில் மட்டும் 1 உள்ள ஈரிரண்டு அணி தன்னோடு பெருகினால் பூச்சியம்தான். ஆயினும் இரண்டாம் நிரையின் முதல் நிரலில் 1 உள்ள அணியைச் சந்திக்கும்போது, மூலைவிட்டத்துச் சுவட்டால் கேட்டால், அது 1 என்று விடையளித்து வெளிப்பட்டுவிடுகிறது. தனக்குள் வலிவற்றதாக இருந்தும் சரியான துணையால் அறியப்படுவது ஒன்று. எந்தத் துணையாலும் வலிவு பெறாதது மற்றொன்று.

சுவட்டுக்குப் புலப்படாததால் த இல்லை என்றாகிவிடுமா? அளக்க முடியாதது இருப்பதாகப் பேசுவது வீண் என்று கருதும் மனப்பாங்கு கடந்த நூற்றாண்டின் மெய்யியலில் பலமாக இருந்தது. அதன்படி த-வைத் தள்ளிவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்வதே நேர்மை என்று தோன்றும். ஆனால் அளவையை மாற்றிப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. ஓர் உறுப்பில் த எத்தனை மடங்கு இருக்கிறது என்பதையே அளவையாகக் கொள்வோமானால், 1-ஐயும் த-வையும் இணைக்கும்போது 1 கிடைக்கிறது, 1-ஐ 1-உடனும் த-வைத் த-உடனும் இணைக்கும்போது பூச்சியம் கிடைக்கிறது. இந்த வடிவம் சிதைவற்றது. சுவட்டுக்கு எப்போதும் எட்டாத த, இந்த அளவைக்கு முதலில் தட்டுப்படுகிறது. பொன் நிறுக்கும் தராசில் சந்தனத்தின் மணம் பதிவதில்லை என்பதால் மணமே இல்லை என்று எவரும் சொல்வதில்லை. காணாமை காண்பவரின் அளவையைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடக் குறைந்த செலவில் சான்று காட்ட முடியாது. 1 + 1 = 0 என்று கொள்ளும் இரண்டு எண்களே உடைய எண்புலத்தில் இந்தச் சார்பு எல்லை கடக்கிறது; அங்கே 1-இன் சுவடான 2-ம் பூச்சியமாகிவிடுவதால், சுவடு இந்த இருபரிமாண உலகில் எதையுமே காண்பதில்லை. மற்ற அளவையோ அங்கும் எல்லாவற்றையும் காண்கிறது.

ஏதேனும் ஓர் அளவையால் சிதைவற்ற வடிவம் அமையுமாறு வாய்த்த இயற்கணிதங்களை முதலில் ஆராய்ந்தவர் ஜெர்மானியக் கணிதர் ஃப்ரோபீனியஸ். அவருடைய 1903-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இக்கருத்தின் வேர் இருக்கிறது. 1937-இல் ரிச்சர்டு பிரவரும் செசில் நெஸ்பிட்டும் அவர் பெயராலேயே அவற்றுக்கு ஃப்ரோபீனியஸ் இயற்கணிதங்கள் என்று பெயரிட்டனர். ஜப்பானியக் கணிதர் ததாஷி நகயாமா 1939-இலும் 1941-இலும் வெளியிட்ட இரு கட்டுரைகள் அக்கோட்பாட்டுக்கு உறுதியான அடித்தளம் இட்டன. மெய்யியல் நோக்கில் இவற்றின் சிறப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. ஓர் இயற்கணிதத்தின் உறுப்புகளிடம் கேட்கக்கூடிய நேரியல் கேள்விகள் அனைத்தையும் திரட்டினால் அதுவே ஒரு வெளியாகிறது. அதை இருமை வெளி என்பர். ஃப்ரோபீனியஸ் இயற்கணிதத்தில் ஒவ்வோர் உறுப்பும், பிறவற்றோடு இணைவதன் மூலம், ஒரு கேள்வியாகவும் நிற்கிறது. வெவ்வேறு உறுப்புகள் வெவ்வேறு கேள்விகளாகின்றன. பரிமாணம் முடிவுறுவதால் எண்ணிக்கை சமமாகிவிட, கேட்கக்கூடிய கேள்விகளுள் ஓர் உறுப்பாக வடிவெடுக்காதது எதுவும் இல்லை. அந்த உலகைப் பற்றி வெளியே இருந்து கேட்கக்கூடிய எதையும் உள்ளே வாழும் ஒருவரே கேட்டுவிடுகிறார். உலகை ஆக்கும் பகுக்கவொண்ணாத தனிப்பொருளான ஒவ்வொரு மோனாடும் அண்டம் முழுவதையும் தன்னுள் பிரதிபலிக்கிறது என்று லைப்னிட்ஸ் எழுதியதற்கு இது கணித நிழல் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவருடைய மோனாடுகளுக்குச் சன்னல்கள் இல்லை, இங்கே எல்லாம் சன்னல்கள் வழியாகவே நடக்கிறது என்பதால் ஒப்புமையை நீட்டுவது தகாது.

பரிமாணம் முடிவுறாதபோது இந்தச் சமநிலை குலைந்துவிடுகிறது. எண்ணி முடிக்கக்கூடிய சில இடங்களில் மட்டும் பூச்சியமல்லாத எண்களைக் கொண்ட முடிவில்லா வரிசைகளை எடுத்து, இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டுவதை வடிவமாகக் கொண்டால் மறைவுப் பகுதி எதுவும் இராது. ஒவ்வொரு வரிசையும் பிறவற்றால் முழுமையாக அறியப்படும். ஆனால் வரிசையின் எல்லா எண்களையும் கூட்டினால் என்ன வரும் என்ற எளிய கேள்வியைக் கேட்க, எல்லா இடங்களிலும் 1 உள்ள வரிசை வேண்டும். அது இந்த உலகின் குடிமகன் அல்லன். அறியப்படாத பொருள் எதுவும் இல்லாத உலகிலும் கேட்கப்படாத கேள்வி இருக்கக்கூடும்.

இதுவரை பார்த்தவற்றைக் கொண்டு, சரியான அளவையைத் தேடிக் கண்டடைந்தால் மறைவு என்பதே இராது என்று ஒருவர் முடிவு கட்டலாம். அந்த முடிவு தவறானது. அதைத் தவறாக்கும் உலகம் மூன்றே பரிமாணம் உடையது. த, ந என்ற இரு உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டு, த-வைத் த-வாலோ, ந-வை ந-வாலோ, ஒன்றை மற்றொன்றாலோ எப்படிப் பெருக்கினாலும் பூச்சியம் என்று விதிப்போம். ஓர் அளவை த-வுக்கு 3-உம் ந-வுக்கு 2-உம் தருவதாகக் கொண்டால், த-வும் ந-வும் தனித்தனியே அதற்குத் தெரிகின்றன. ஆயினும் த-வின் இருமடங்கிலிருந்து ந-வின் மும்மடங்கைக் கழித்து வரும் உறுப்புக்கு அந்த அளவை தரும் எண், ஆறிலிருந்து ஆறு போகப் பூச்சியம். அந்த உறுப்பை எதனால் பெருக்கினாலும் அதன் மடங்கே கிடைக்கும் என்பதால் எல்லா விடைகளும் பூச்சியமாகின்றன. வேறோர் அளவையைத் தேர்ந்து த-வுக்கு 1-உம் ந-வுக்கு 0-உம் கொடுத்தால், முன்பு மறைந்த உறுப்பு 2 என்று வெளிப்படுகிறது, ஆனால் இம்முறை ந மறைந்துவிடுகிறது. எந்த அளவையை எடுத்தாலும் த-வும் ந-வும் ஆளும் தளத்தில் குறைந்தது ஒரு கோடு இருளில் கிடக்கும். எந்தக் கோடு என்பதைத் தேர்ந்துகொள்ளலாமே ஒழிய, கோடே இல்லாமல் செய்ய முடியாது. இரண்டு அளவைகளை ஒருசேரப் பயன்படுத்துபவருக்கோ ஒன்றும் மறைவதில்லை.

லைப்னிட்ஸின் கோட்பாடு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது இந்தச் சின்னஞ்சிறு உலகில் துலங்குகிறது. இங்கே எந்த உறுப்பும் தன்னளவில் அறியவொண்ணாதது அன்று. ஒவ்வொன்றையும் காட்டித் தரும் அளவை ஒன்று உண்டு. அனைத்தையும் ஒருங்கே காட்டித் தரும் ஒற்றை அளவைதான் இல்லை. எல்லாக் கேள்விகளையும் ஒருங்கே கேட்கும் இறைவனை முன்னிறுத்தி லைப்னிட்ஸ் பேசியபோது அவர் கூறியது பிழையாகாது. ஆனால் ஓர் அளவையை மட்டும் கையில் வைத்திருக்கும் எந்த அறிஞரும், தமக்கு ஒத்ததாகத் தெரியும் இரண்டை ஒன்றே என்று தீர்ப்பளிக்க அதே கோட்பாட்டைத் துணைக்கு அழைக்க முடியாது. அறிவின் எல்லையைப் பொருளின் எல்லையாகக் கொள்வது இங்கே கணக்கிட்டுக் காட்டக்கூடிய பிழையாகிறது. மேலும் இந்தக் குறை அறிபவரின் சோர்வாலோ கருவியின் மழுக்கத்தாலோ வருவதன்று, அந்த உலகின் பெருக்கல் விதியிலேயே அமைந்தது என்பதும் கவனத்துக்கு உரியது. பக்கத்திலேயே இருக்கும் த மட்டும் உள்ள உலகில் அக்குறை இல்லை.

வடிவங்களின் இத்தகைய சாட்சியத்தைக் கணிதர்கள் மிக நம்பிப் பயன்படுத்திய துறை, பெருக்கல் பொதுவாகச் சேர்ப்பு விதிக்கு உட்படாத லீ இயற்கணிதங்களின் வகைப்பாடு. அதைத் தொடங்கி வைத்த வில்ஹெல்ம் கில்லிங், பிரவுன்ஸ்பெர்க்கில் கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவித்த கல்விக்கூடத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1888-இலிருந்து 1890 வரை தம் கட்டுரைத் தொடரை வெளியிட்டார். அதிலிருந்த இடைவெளிகளை நிரப்பியது எலி கார்ட்டானின் 1894-ஆம் ஆண்டு ஆய்வேடு. இரு உறுப்புகளால் பெருக்கும் செயல்களை அடுத்தடுத்துச் செய்து சுவடு எடுக்கும், கில்லிங் பெயரால் வழங்கும் வடிவம் சிதைவற்றதாக இருந்தால் அந்த இயற்கணிதம் எளிய கூறுகளாக மிச்சமின்றிப் பிரியும் என்பது கார்ட்டான் அளவுகோலின் ஒரு பாதி. ஆனால் அங்கும் மறைவுப் பகுதியை அப்படியே ‘குறையுள்ள பகுதி’ என்று வாசித்துவிடக் கூடாது; பரிமாற்று விதிக்கு உட்படாத இருபரிமாண லீ இயற்கணிதத்தில் வடிவம் மறைப்பது ஒரு பரிமாணத்தை மட்டுமே, எளிய கூறுகளாகப் பிரிய மறுப்பதோ முழு இயற்கணிதமும். மறைந்திருப்பது இல்லாததாகிவிடாதது போலவே, தெரிவது எல்லாம் திடமானதாகவும் ஆகிவிடுவதில்லை.

எஞ்சியிருப்பது வைசேடிகர் எழுப்பிய கேள்வி: எல்லாக் கேள்விகளையும் கேட்ட பின்னும் ஒத்திருக்கும் இரண்டு உண்டா? 1952-இல் மாக்ஸ் பிளாக், வேறெதுவும் இல்லாத அண்டத்தில் எல்லா வகையிலும் ஒத்த இரண்டு இரும்புக் கோளங்களைக் கற்பனை செய்து லைப்னிட்ஸை மறுக்க முயன்றார். கணிதத்தில் அதற்கு நிகரானவை −1-இன் இரு வர்க்கமூலங்கள். மெய்யெண்களை மட்டும் கொண்டு எழுதக்கூடிய எந்தச் சமன்பாட்டை ஒன்று நிறைவு செய்கிறதோ அதை மற்றதும் நிறைவு செய்கிறது. இரண்டையும் இடம் மாற்றினால் கலப்பெண்களின் உலகில் எதுவும் குலைவதில்லை. கணிதப் பொருள்கள் அமைப்பில் தாம் வகிக்கும் இடத்தைத் தவிர வேறல்ல என்று கூறும் அமைப்பியலருக்கு எதிராக, ஜான் பர்ஜஸும் யூக்கா கெரனனும் இந்த இரட்டையையே கடந்த நூற்றாண்டின் இறுதியிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் முன்வைத்தனர். அப்படியானால் இவ்விரண்டும் ஒன்றே என்றல்லவா அமைப்பியலர் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவ்விருவரும் எழுப்பிய இடர்ப்பாடு. 2005-இல் ஜேம்ஸ் லேடிமன், ஒன்று தன்னோடு கொள்ளாத உறவை மற்றதோடு கொள்ளுமானால் அதுவே அவை இரண்டு என்பதற்குப் போதும் என்று விடையளித்தார்.

சுவடு வடிவம் அந்த விடையை எண்ணாகவே தருகிறது. கலப்பெண்கள் மெய்யெண்களின்மேல் இருபரிமாண இயற்கணிதம். அங்கே ஒரு மூலத்தைத் தன்னோடு இணைத்தால் −2, மற்ற மூலத்தோடு இணைத்தால் 2. எந்த மூலத்திலிருந்து தொடங்கினாலும் இதே இரு எண்கள்தாம் வருகின்றன. ஆகவே இவை இரண்டு என்பது உறுதி. எது எது என்பதுதான் உறுதியாவதில்லை. வடிவம் சிதைவற்றதாதலால் இவற்றைப் பிரிக்கும் கேள்வி அந்த உலகிலேயே இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் கேள்வி அம்மூலங்களுள் ஒன்றோடு இணைத்துப் பார்ப்பதே. அதைக் கேட்பதற்கு முன்னதாகவே ஒரு மூலத்தைக் கையில் எடுத்திருக்க வேண்டும். விசேடத்தை விசேடத்திலிருந்து பிரிக்க மற்றொரு விசேடம் வேண்டுமே என்ற தடையை எதிர்பார்த்து, விசேடம் தன்னைத் தானே வேறுபடுத்திக்கொள்ளும் என்று வைசேடிகர் விதித்தது இதே முட்டுச்சந்தில்தான். அவர்கள் இருமையைக் காப்பாற்ற ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஒரு பொருளை வைக்க வேண்டியிருந்தது; இங்கோ அவ்விருமையை −2-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாடே தாங்கிக்கொள்கிறது, இரண்டிலும் தனியாக எதையும் வைக்க வேண்டியதில்லை. லைப்னிட்ஸ் அஞ்சிய இக்கட்டும் இதனால் எழுவதில்லை. ஒரு மூலத்தை இங்கும் மற்றதை அங்கும் வைக்க இறைவனுக்கு என்ன காரணம் என்று கேட்பதற்கு, இங்கு எது, அங்கு எது என்ற பேச்சே அந்த உலகில் கிடையாது.